ஈரோடு என்றேன், தவறு என்றார்கள்

1986-ல் நான் எட்டாம் வகுப்பு. கோவையில் ஒரு பள்ளி அரங்கத்தில் பொது அறிவு வினாடி வினா. சூலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். கடைசிச் சுற்று வரை சமமாக வந்துவிட்டோம். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது: "கணித மேதை ராமானுஜன் பிறந்த ஊர் எது?"

மணியை அடித்தது நான். "ஈரோடுங்க சார்" என்றேன்.

கேள்வி கேட்டவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "தவறு. அடுத்த அணி." அடுத்த அணி "கும்பகோணம்" என்றது. அரங்கமே கைதட்டியது. அந்த ஐந்து மதிப்பெண்ணில் தோற்றோம். ஜெயித்தவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ், எங்களுக்கு ஆளுக்கொரு பால்பாயின்ட் பேனா. பரிசு போனது அன்றைக்கே மறந்துபோயிற்று. சரியான விடையைச் சொல்லியும் தவறு என்று ஆனதுதான் நாற்பது வருஷமாக மறக்கவில்லை.

அந்த விடையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதினார். முழுப் பரீட்சை லீவுக்கு அங்கே போனால் நாளெல்லாம் மண்டியில்தான் கிடப்பேன். விரலி மஞ்சள் ஒரு பக்கம், குண்டு மஞ்சள் ஒரு பக்கம் குவித்திருக்கும். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அதுவும் மஞ்சளாக வரும். ஒரு நாள் சாக்கின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டினார்.

"கண்ணு, பன்னெண்டுப் பன்னெண்டு நூத்தி நாப்பத்தி நாலு. அதை இன்னொருக்காப் பன்னெண்டால பெருக்கு. ஆயிரத்தி எழுநூத்தி இருபத்தெட்டு. ஒன்னு சேரு. இப்ப பத்தை மூணு தடவை பெருக்கு, ஆயிரம். ஒம்பதை மூணு தடவை பெருக்கு, எழுநூத்தி இருபத்தொம்பது. ரெண்டையும் கூட்டு."

இரண்டு வழியிலும் 1729. லண்டனில் நோயாளியாகப் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்கப் போன ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729 என்றும், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று படுக்கையிலிருந்தே ராமானுஜன் சொன்ன கதையையும் அப்புச்சிதான் எனக்குச் சொன்னார். அன்று சாயங்காலம் தெப்பக்குளம் வீதிக்குக் கூட்டிப்போய், "இந்த வீதியிலதான் கண்ணு, அவங்கம்மா பொறந்த ஊட்டுல பொறந்தாரு" என்றார்.

அது உண்மை. 1887 டிசம்பர் 22 அன்று ராமானுஜன் பிறந்தது ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில். அப்பா கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் குமாஸ்தா. குழந்தைக்கு ஒரு வயதாகும்போது கும்பகோணம் போனார்கள். வளர்ந்தது, பள்ளியில் படித்தது எல்லாம் அங்கே. அதனால் பல பேர் மனதில் பிறந்த ஊரும் கும்பகோணம் என்றே பதிந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. 1979-ல் பெரியார் மாவட்டம் பிரியும் வரை ஈரோடு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். எந்த மாவட்டத்தில் அவர் பிறந்தாரோ, அதன் தலைநகரில் நின்றுகொண்டு சொன்ன விடைதான் தவறாயிற்று.

தோற்றுப் போய் வந்து அழுதேன். அப்புச்சி அதட்டவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. "அவங்க தாளுல அப்படி இருக்குது கண்ணு. தாளைத் திருத்தோணும்னா நம்ம கையில ஆதாரம் இருக்கோணும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் கழித்து நூலகத்தில் ஒரு வாழ்க்கை வரலாற்றில் ஈரோடு என்ற பெயரை என் கண்ணால் பார்த்தேன். பக்க எண்ணைக் குறித்து, போட்டி நடத்திய பள்ளிக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டேன். பதில் வரவில்லை.

அப்போதெல்லாம் ஒரு விடைக்கு அத்தனை அலைச்சல். கல்கண்டு இதழ் சலூனில்தான் கிடைக்கும். தலை வெட்டிக்கொள்ளும் முறை வருவதற்குள் துணுக்குகளையெல்லாம் படித்து முடித்துவிட வேண்டும். தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசுவின் குவிஸ் டைம் வரும்; இங்கிலீஷ் பாதி புரியாவிட்டாலும், பதில் சொல்பவர்களின் முகத்தைப் பார்க்கவே உட்கார்ந்திருப்போம். உக்கடம் பழைய புத்தகக் கடையில் மூன்று ரூபாய்க்கு 1982-ம் வருஷ இயர் புக் ஒன்று வாங்கினேன். அதிலிருந்த ஆப்பிரிக்க நாடுகளை எல்லாம் தலைநகரங்களோடு உருப்போட்டேன். அப்பர் வோல்டா, தலைநகர் வாகடூகு. அந்த நாடு 1984-லேயே புர்கினா பாசோ என்று பெயர் மாற்றிக்கொண்டது எனக்குத் தெரிய இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அச்சில் இருப்பதற்கும் வயதாகும் என்பதை அதில்தான் கற்றுக்கொண்டேன்.

இப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா வந்தால் வினாடி வினா நடத்த என்னைக் கூப்பிடுகிறார்கள். போன வருஷம் முதல் கேள்வியாக ராமானுஜனைத்தான் வைத்தேன். ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று எழுந்து, "ஈரோடுங்க ஐயா" என்றது. என்னால் கொஞ்ச நேரம் அடுத்த கேள்விக்குப் போக முடியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அப்பா போன்ல பார்த்தேனுங்க" என்றது. நான் இரண்டு வாரம் தேடியது அந்தக் குழந்தைக்கு இரண்டு நொடி. எனக்கு அதில் பொறாமை இல்லை, மகிழ்ச்சிதான்.

அதே மேடையில் ஆசிரியர் ஒருவர் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டார்: "உலகிலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் எது?" அரங்கம் முழுவதும் ஒரே குரலில் "சிறுவாணி!"

கோவைக்காரர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். நானும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். முதலிடம் எது என்றால் சிலர் நைல் என்பார்கள், பலர் யோசிப்பார்கள். யார் அளந்தார்கள், எந்த வருஷம், எத்தனை ஆற்றுத் தண்ணீரை வைத்து ஒப்பிட்டார்கள் என்று நான் கேட்காத ஆள் இல்லை. இதுவரை ஒருவரும் ஒரு தாள்கூடக் காட்டவில்லை. ஆசிரியர் போனை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக அதே வாக்கியம், ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போல. எதிலும் அளந்தவர் பெயர் இல்லை. ஈரோட்டை உறுதிசெய்த அதே போன்தான் இதையும் உறுதிசெய்கிறது.

"ஏனுங்க, நம்ம தண்ணிய நாமளே விட்டுக் குடுக்கலாமுங்களா?" என்று ஒரு பெற்றோர் வருத்தப்பட்டார். விட்டுக்கொடுக்கவில்லை. பாலக்காடு மாவட்டத்து மலையிலிருந்து வரும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் நான். அது இனிக்கும் என்பதற்கு என் நாக்கு சாட்சி. உலகத்தில் இரண்டாவது என்பதற்கு என் நாக்கு சாட்சி ஆகாது.

அதனால்தான் இப்போது விடையோடு காரணமும் கேட்கிற மாதிரி கேள்விகளை வைக்கிறேன். நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் அமெரிக்க கிராண்ட் பிரி கார் பந்தயத்தில் நான்காவதாக வந்தார் என்பது எல்லாக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு மிஷலின் டயர் பாதுகாப்பில்லை என்று பதினான்கு கார்கள் விலகிவிட, ஆறு கார்கள்தான் ஓடின என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு விடை. ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் என்ற அவருடைய பெருமை அதனால் ஒரு துளியும் குறையாது.

கரும்புக் காட்டில் 'கோ 86032' என்று விவசாயிகள் சொல்கிறார்களே, அந்த 'கோ' என்ன? விவசாயி வீட்டுப் பிள்ளைகளே விழிக்கிறார்கள். அது கோயம்புத்தூர். 1912-ல் இங்கே தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் நல்ல கரும்பை நாணல் இனத்துக் காட்டுக் கரும்போடு ஒட்டுச் சேர்த்தார்கள். 1918-ல் வந்தது கோ 205. வட இந்தியக் கரும்புக்காடுகளின் முகத்தையே மாற்றிய வேலை அது. நம் ஊரின் முதல் எழுத்து ஊர் ஊராக வயலில் நிற்கிறது.

கோவையை ஒட்டிய வெள்ளலூர் என்றதும் ஞாபகம் வருவது என்ன என்று கேட்டேன். "குப்பைக் கிடங்கு" என்றார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, இன்றைய வெள்ளலூருக்கு நாம் கொடுத்திருக்கும் அடையாளம் அது. ஆனால் ரோமானியப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்த மண் அது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து வந்த வணிகம் நொய்யல் ஓரமாகக் கொடுமணல் வரை போயிருக்கிறது. அங்கே இரும்பு உருக்கிய, மணி கோத்த தடயங்கள் அகழாய்வில் வெளிவந்தன. இதை நான் சொன்னபோது கடைசி வரிசையில் ஒரு பையன், "அந்தக் காசை இப்பப் பார்க்க முடியுங்களா?" என்றான். அன்றைய நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்த கேள்வி அதுதான். அது என் பட்டியலில் இல்லாதது.

என் அக்கா மகள் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். 200 கேள்வி, மூன்று மணி நேரம். எங்களுக்கு டிபன் பாக்ஸாக இருந்த பொது அறிவு அவளுக்கு வேலை, சம்பளம், வாழ்க்கை. ஒரு நாள் அவளிடம் என் ஈரோட்டுக் கதையைச் சொன்னேன். "மாமா, இப்பெல்லாம் தேர்வாணையம் முதல்ல உத்தேச விடைதான் வெளியிடுவாங்க. தப்புன்னா கெடு முடியறதுக்குள்ள ஆதாரத்தோட ஆட்சேபம் போடலாம்" என்றாள். அப்புச்சி சொன்ன அதே சொல், ஆதாரம். பதின்மூன்று வயதில் நான் இன்லேண்ட் லெட்டரில் கேட்டது இன்று லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு உரிமையாகவே கிடைத்திருக்கிறது. பள்ளி மேடைகளுக்கு மட்டும் அது இன்னும் வரவில்லை.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வினாத்தாள் எழுதும் பொறுப்பு உங்களுக்கு வந்தால், ஒவ்வொரு விடைக்குக் கீழேயும் அது எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். தாளில் இல்லாத விடையை ஒரு குழந்தை சொன்னால், "தவறு" என்று சொல்வதற்கு முன், "உனக்கு யார் சொன்னாங்க, கண்ணு?" என்று ஒரு தடவை கேளுங்கள்.