ரெண்டு வண்டிக்கும் பெருசுக பேருதாண்டா

ஏன்டா பேராண்டி, பொழுது சாயுறதுல இருந்து ரெண்டு பயலுகளும் இப்படி மல்லுக்கட்டுறீங்களே, என்ன வரப்புத் தகராறா? பூகாட்டி சிரோன் ஒசத்தியா, கோனிக்செக் ஜெஸ்கோ ஒசத்தியாங்குற தகராறாமே! ரெண்டுல ஒன்னாச்சும் என்னைக்காவது நம்ம ஆத்தூர் முக்குல வந்து நின்னிருக்கா? லேப்டாப்புக்குள்ள ஃபோர்சா ஹொரைசன்னு ஒரு கார் கேமு, அதுக்குள்ள மெக்சிகோ நாட்டு ரோடு, அந்த ரோட்டுல வண்டி. இத்தனைக்கும் ஒங்கப்பன் கரண்டு பில்லு கட்டுறான். நடத்துங்க, நடத்துங்க.

நீ கேட்டாலும் கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். நீங்க கத்துற கத்துல எனக்கே எல்லாம் மனப்பாடம். சிரோனுக்கு 8 லிட்டர் எஞ்சின், 16 சிலிண்டர், நாலு டர்போ, 1500 குதிரை. நாலு சக்கரமும் சேந்து இழுக்கும். ஒடம்புதான் கனம், கிட்டத்தட்ட 2 டன்னு. ஜெஸ்கோவுக்கு 5 லிட்டர், 8 சிலிண்டர்தான். சாதாப் பெட்ரோலுக்கு 1280 குதிரை, எத்தனால் கலந்த ஈ85 ஊத்தினா 1600. அதாவது சாராயம் உள்ள எறங்கினா 320 குதிரை கூடிப்போகுது. நம்ம ஊருல சில பேருக்கும் ராத்திரி ஒம்பது மணிக்கு மேல அப்படித்தான் கூடுது. ஜெஸ்கோ எடையும் ஒன்னரை டன்னுக்குக் கீழதான். ஆனா இழுக்குறது பின் சக்கரம் ரெண்டு மட்டும்.

இப்பத் தெரியுதா ஜெஸ்கோ ஓட்டுற நீ ஏன் தோக்குறேன்னு? எடுத்த எடுப்புல பொத்தானைக் கடைசி வரைக்கும் அமுக்குற. பின் சக்கரம் நின்ன எடத்துலயே சுத்திப் பொகையைக் கக்குது. ஒன் கூட்டாளி ஓட்டயில சிரோன் நாலு காலையும் ஊனிக் கெளம்பிடுது. நேர் ரோடு வந்ததும் விட்ட நேரத்தை நீ புடிச்சிடுற, அதை நான் இல்லைங்கல. புடிச்ச தெம்புல அவன் மூஞ்சியப் பாத்து ஒரு இளிப்பு. அப்பப் பாத்துத்தான் வளைவு வருது. ரோட்டு மேல வரைஞ்ச கோடு செவசெவன்னு ஆகி, விடுடா விடுடான்னு கெஞ்சுது. ஒன் ஆள்காட்டி வெரலு விட்டாத்தான? வண்டி நேரா கள்ளிக்காட்டுக்குள்ள போயி நிக்குது.

ஒடனே ஒய் பொத்தானை அமுக்கி வந்த வழியே பின்னாடி சுத்திக்கிற. விழுந்ததே இல்லைங்குற மாதிரி மறுபடியும் ஓட்டுற. அப்படி ஒரு பொத்தான் எங்க காலத்துல இருந்திருந்தா, ஒங்க அப்பத்தாவைப் பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே அமுக்கியிருப்பேன். மெதுவாச் சிரிடா, அடுப்படியில இருக்கா.

தேனி, மதுரைப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் பாத்திருக்கியா? பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு தரம் பிரிச்சுத்தான் அவுத்து விடுவாய்ங்க. ஒன் ஆட்டத்துல டி-யில இருந்து எக்ஸ் வரைக்கும் வகுப்புப் பிரிக்கிறானே, அதேதான். வண்டிக்கு ஒரு சாரதி, ஒரு துணைச் சாரதி. போகயில எவன் முந்துறான்னு கூட்டம் விசிலடிக்கும். வெவரம் தெரிஞ்ச ஆளு திரும்புற எல்லையில போயி நிப்பான். அங்க மாட்டை அடக்கி, வண்டி சாயாம ஒடிச்சுத் திருப்புறவனுக்குத்தான் கொடிப்பரிசு. நீங்க ரெண்டு பேரும் மாட்டோட திமிலையே அளந்துக்கிட்டு இருக்கீங்க. சாரதி எப்பிடின்னு கேக்க ஒரு ஆளும் இல்ல.

நெசமாவே சிரோன் வாங்கப் போறேன்னு வையி. டேங்கு 100 லிட்டரு, முழு வேகத்துல மிதிச்சா பத்து நிமிசம் தாங்காது. பழனிக்கு ஒரு நடை போனா, திரும்பி வர முருகன்தான் மயிலை அனுப்பணும்.

இன்னொன்னு தெரியுமா ஒனக்கு? சிரோன்ங்குறது லூயி சிரோன்னு ஒரு பெருசு பேரு. மொனாக்கோக்காரரு. 1955-ல, 55 வயசுல, சொந்த ஊர் ஃபார்முலா ஒன் பந்தயத்துல ஓட்டி ஆறாவதா வந்தாரு. அம்புட்டு வயசுல அந்தப் பந்தயத்துல எறங்கினவன் இன்னைக்கு வரைக்கும் வேற எவனும் இல்ல. ஜெஸ்கோ யாரு? அந்தக் கம்பெனி மொதலாளி கிறிஸ்டியன் கோனிக்செக்கோட அப்பா, குதிரைப் பந்தயத்துல ஓட்டினவரு. 2019-ல ஜெனீவாக் கண்காட்சியில மகன் தன் வண்டிக்கு அப்பன் பேரை வச்சான். நீ என்னடான்னா, அப்பன் பேரைச் சொல்லிக் கடையில கடன் வாங்குற.

ஆக ரெண்டு வண்டிக்கும் பெருசுக பேரு. ஆனா இந்த வீட்டுல பெருசு கையில மட்டும் கன்ட்ரோலரைக் குடுக்க மாட்டீங்க. நீங்க காலேஜுக்குப் போனப்பறம் லேப்டாப்பு சும்மாதான கெடக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீங்க. ம்ம், இருக்கட்டும்.

தீர்ப்பைக் கேட்டுக்கங்க. மண்ணு ரோடு, மழை, கொண்டை வளைவுன்னா சிரோன். கண்ணுக்கெட்டுன வரைக்கும் நேர் ரோடுன்னா ஜெஸ்கோ. வெரலை அடக்கத் தெரியாத பயலுக்கு எந்த ரோடா இருந்தாலும் சிரோன்தான், அதனால நீ அதை எடுத்துக்க. ஜெஸ்கோவை இங்கிட்டுத் தள்ளு. நீங்க எப்பவும் ஓட்டுற அந்த எரிமலைப் பக்கத்து ரோட்டையே போடு. ஒன் நேரத்தைவிட ரெண்டு வினாடி கம்மியா ஓட்டிக் காட்டுறேன்.