விறகுக்குத்தான் ஆகும்

எழுபதுகளில் எங்கள் தெருவில் ஒரு வீடு இடிபடுகிறது என்றால் அது துக்கச் செய்தி அல்ல, அந்தக் குடும்பம் தலையெடுத்துவிட்டது என்பதற்கான தண்டோரா. ஓட்டு வீட்டைத் தள்ளிவிட்டு டெரஸ் போட்டவனுக்குப் பெண் கொடுக்க ஆள் தேடி வருவார்கள் என்று ஊரே நம்பிய அந்த நாளில், மீசை சரியாக முளைக்காத நானும் மொசைக் தரைப் பைத்தியம் பிடித்து, எந்தத் தூண்களைக் கட்டிக்கொண்டு கண்ணாமூச்சி ஆடினேனோ அதே தூண்களை முன்னேற்றத்தின் முட்டுக்கட்டைகள் என்று அப்பாவிடம் மேடைப்பேச்சு நிகழ்த்திக்கொண்டிருந்தேன். பழைய மரச்சாமான் வியாபாரி வந்தார். தூணை விரல் முட்டியால் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார், "வெறகுக்குத்தான் ஆகும் தம்பி" என்றார். உங்கள் வீட்டுக்கும் ஒருவர் அப்படி வந்திருப்பார். ஆள் வேறாக இருக்கலாம், வசனம் அதுதான்.

அந்த விறகின் சொந்தபந்தங்களை இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பார்க்கலாம். பங்காளிகள் ஒத்துப்போகாமல் இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களும் செதுக்கிய நிலைகளும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. விலையைக் கேட்ட அதிர்ச்சியில், பழக்கதோஷமாக ஒரு தூணைத் தட்டிவிட்டேன். "பாத்து சார், ஆன்டிக்" என்றான் கடைப் பையன்.

வீட்டையே பெயர்த்துக் கொண்டுபோன கதையும் உண்டு. கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியில் 1850ல் எழும்பிய சிரியன் கிறிஸ்தவர் வீடு, இன்று சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மரத்தோடு மரம் கோத்து இறுக்கிய கேரளத் தச்சுவேலையில் ஒரு சௌகரியம்: கோத்ததைக் கழற்றலாம், துண்டுக்குத் துண்டு எண் போட்டு ஏற்றிப்போகலாம், வேறு மண்ணில் அதே வரிசையில் மறுபடி கோக்கலாம். நம் சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இடித்தால் மண்தான். மரமும் கல்லும் பயணம் போகும், சுவரைப் புதிதாக எழுப்பவேண்டும், வௌவால் வாடையும் அவித்த நெல்லின் மணமும் எந்த வண்டியிலும் ஏறமாட்டா. அந்த வளாகத்தை வடிவமைத்த லாரி பேக்கர், இடித்த வீடுகளின் கதவு ஜன்னல்களைத் தேடிப் பிடித்துப் புது வீடுகளில் பொருத்தியவர். அவரைக் கேள்விப்பட்டேயிராத என் பாட்டியும் தன் பிறந்தகத்து நிலைக்கதவை மாட்டுவண்டியில் கொண்டுவந்துதான் அடுப்படிக்கு வைத்தாள், அதற்குப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பெயர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது, "நல்ல மரத்தை எவளாவது எறிவாளா?" என்பாள்.

முட்டுக்காட்டில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். குளுகுளுவென்றிருந்தது, முன்பெல்லாம் யாரென்றே தெரியாத வழிப்போக்கர்கள் காசில்லாமல் அனுபவித்த குளுமை. இருந்தாலும், விறகாகப் போகாமல் தப்பித்த வீட்டுக்கு நுழைவுக் கட்டணம் கொடுப்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

போன மாதம் முட்டுக்காடு போகும் அதே சாலையில் நண்பர் மகனின் பங்களா கிரகப்பிரவேசம். கூடத்தில் நான்கு காரைக்குடித் தூண்கள், மேலே கான்கிரீட் தளம். "தூணா தாங்குது?" என்றேன். "இல்ல அங்கிள், பீம் தாங்குது. இது சும்மா லுக்குக்கு." தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவிட்டு இப்போது பென்ஷன் வாங்கும் அந்த நால்வரையும் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்து திண்ணையும் கட்டப்போகிறானாம். எங்கே என்று கேட்டேன்.

"காம்பவுண்டுக்கு உள்ளதான் அங்கிள். வெளிய கட்டினா யாராவது வந்து உக்காந்துடுவாங்க."