கணினிக்கு மணி சொல்வது யார்?

(இந்த வாரக் கேள்விகள் எல்லாம் தேவிகாபுரத்திலிருந்து)

கே: கடைக் கணினியைக் காலையில் போட்டால் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. சேலை பில்லில் 2015 என்று விழுகிறது. வைரஸா? — பட்டுக்கடை கணக்கர்

ப: வைரஸ் இல்லை, பேட்டரி. மதர்போர்டில் சிஆர்2032 என்று பொறித்த வட்டமான ஒன்று இருக்கும். அந்த எண்ணே அதன் அளவுதான்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். கரண்ட் இல்லாத நேரத்தில் கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். ராத்திரி கடை மூடும்போது சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுவீர்கள், இல்லையா? அப்போது முழுப் பாரமும் அதன் தலையில். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழையதைக் கழற்றி, பிளஸ் குறி மேலே தெரியும்படி புதியதை வையுங்கள். ஐம்பது ரூபாய் வேலைக்கு யாராவது புது மதர்போர்டு விலை சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

கே: தேதி மாறிய அன்றைக்கு பாங்க் தளம் எதுவுமே திறக்கவில்லை. "பாதுகாப்பானது அல்ல" என்கிறது. நேரத்துக்கும் பாங்க்குக்கும் என்ன சம்பந்தம்? — அதே கணக்கர்

ப: ஒவ்வொரு தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு சான்றிதழ் காட்டும். அதில் "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும்" என்று இருக்கும். உங்கள் கணினி 2015-இல் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உள்ளே விடாமல் நிறுத்துவது சரிதான். எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானை மட்டும் அமுக்காதீர்கள். தேதியைத் திருத்துங்கள், தானாகத் திறக்கும்.

கே: நேரத்தைச் சரிசெய்ய விண்டோஸில் "சிங்க் நவ்" அமுக்கினேன். மாறவில்லையே? — இ-சேவை மைய ஊழியர்

ப: பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பிசகியிருந்தால் விண்டோஸ் பொதுவாக அதை ஏற்காது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று சந்தேகப்படும். முதலில் தேதியையும் மணியையும் கையால் ஏறக்குறைய சரியாக வையுங்கள், பிறகு அமுக்குங்கள். நேரம் சரியாக மணிக் கணக்கிலோ அரைமணிக் கணக்கிலோ தப்பினால் கோளாறு வேறு. டைம் ஸோன் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூடெல்லி என்று சேர்ந்திருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். இணையத்தில் நேரம் சொல்லும் சர்வர் அனுப்புவது உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்டிக்கொள்வது உங்கள் கணினியின் வேலை.

கே: தொலைவில் உள்ள சர்வரிலிருந்து நேரம் இங்கே வந்து சேர்வதற்குள் பழசாகிவிடாதா? — பிளஸ் டூ மாணவி

ப: நீங்கள் கேட்ட இதே கேள்விக்கு விடை தேடித்தான் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் தன் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். என்டிபி என்ற முறையை அவர் 1985-இல் வெளியிட்டார்.

உங்கள் கணினி "மணி என்ன?" என்று கேட்டு அனுப்பும்போதே, அனுப்பிய நேரத்தைத் தன் கடிகாரப்படி குறித்துக்கொள்கிறது. கேள்வி வந்த நேரம், பதில் கிளம்பிய நேரம் இரண்டையும் சர்வர் எழுதி அனுப்புகிறது. பதில் கைக்கு வந்த நேரத்தை மறுபடி உங்கள் கணினி குறிக்கிறது. ஆக நான்கு நேரங்கள். சர்வருக்குள் தங்கிய நேரத்தைக் கழித்தால், போய்வர எவ்வளவு பிடித்தது என்று தெரிந்துவிடும். போய்வர 80 மில்லிவிநாடி என்றால் ஒரு வழிக்கு 40. அந்த 40-ஐச் சேர்த்துக்கொண்டால் பழசு புதுசாகிவிடும். போகும் வழி வேகமாகவும் வரும் வழி மெதுவாகவும் இருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். அதற்காகத்தான் பல முறை, பல சர்வர்களிடம் கேட்கும் ஏற்பாடும் உண்டு. கண் பார்வையை இழந்த பிறகும் மில்ஸ் இந்த வேலையை விடவில்லை. 2024 ஜனவரியில் காலமானார். உலகமெங்கும் கணினிகள் அவர் முறையில்தான் இன்றும் மணி கேட்கின்றன.

கே: ஒரு தடவை சரி செய்தால் போதாதா? — எலெக்ட்ரானிக் ஜக்கார்டு தறிக்காரர்

ப: போதாது. கணினிக் கடிகாரத்துக்குள் இருப்பது விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம். சூடு ஏறினால் அதன் தாளம் மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே நாளுக்கு ஒன்றே முக்கால் விநாடி, மாதத்துக்கு ஐம்பது விநாடிக்கும் மேல்.

கே: எந்த சர்வரை வைப்பது? — அதே தறிக்காரர்

ப: டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க். டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் இது. அணுக்கடிகாரங்களை வைத்து இந்திய நேரத்தைக் காப்பது அவர்கள் பொறுப்பு. இந்த நேரத்தையோ தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தையோ ஒட்டித்தான் நிறுவனங்கள் தங்கள் கணினிகளை வைக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் உத்தரவும் போட்டது. கட்டணம் கிடையாது.

கே: என் கணினி நேரம் சரியாக இருந்தால் தட்கால் டிக்கெட் கிடைக்குமா? — கல்லூரி மாணவர்

ப: ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று என்று தீர்மானிப்பது ரயில்வே சர்வரின் கடிகாரம். உங்கள் கடிகாரம் சரியாக இருந்தால் முந்திப்போய்த் திரும்பவும் வேண்டாம், பிந்திப்போய் ஏமாறவும் வேண்டாம். அவ்வளவுதான் லாபம்.

கே: பெரியநாயகி அம்மன் கோயிலில் நிற்கும்போது உச்சி வெயில் மணி பன்னிரண்டுக்கு வருவதில்லையே. எது தப்பு, கடிகாரமா சூரியனா? — ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: இரண்டும் தப்பில்லை, ஐயா. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்துப் போகிறது. தேவிகாபுரம் இருப்பது சுமார் 79¼ பாகையில். பாகைக்கு நான்கு நிமிஷம். ஆக 13 நிமிஷம் பின்தங்கி நிற்கிறோம். பூமியின் ஓட்டத்தில் உள்ள ஏற்றத்தாழ்வையும் சேர்த்தால் உச்சி, பிப்ரவரி நடுவில் 12.27 வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 11.57-க்கே வந்துவிடும். 1906-க்கு முன்பு ரயில்கள் ஓடியது சென்னை வானாய்வகம் தந்த மெட்ராஸ் நேரத்தில், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால். அந்த நாளில் நம் ஊர்ச் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் சராசரியாக நான்கு நிமிஷம்தான் சண்டை.

கே: சேலை திருடு போனது. கேமராவில் ஆள் தெரிகிறான். ஆனால் நேரம் மூன்று மணி தப்பு. போலீசில் என்ன சொல்வது? — பட்டுக்கடை உரிமையாளர்

ப: கேமரா பதிவுப் பெட்டியின் (டிவிஆர்) நேரத்தை உடனே திருத்திவிடாதீர்கள். இப்போது அது காட்டும் நேரத்தையும் சரியான நேரத்தையும் ஒரே படத்தில் விழும்படி போட்டோ எடுத்து, புகாரில் வித்தியாசத்தை எழுதிக் கொடுங்கள். பதிவை நகலெடுத்த பிறகு செட்டிங்கில் என்டிபி என்ற இடத்தைத் தேடி மேலே சொன்ன முகவரியைப் போடுங்கள். கேமரா வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இன்றைக்குக் கடை சாத்துவதற்கு முன் டிவிஆர் மணியையும் செல்போன் மணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.