இன்னும் ஒரு சின்ன வேலை

தாம்பரத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வைத்திருப்பவரிடம் “வண்டி ஓடுமா சார்?” என்று கேட்டுவிடக் கூடாது. “இப்ப என்ன வேலை போய்க்கிட்டிருக்கு?” என்றுதான் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு ஒரு முறைப்பு கிடைக்கும். இரண்டாவதற்கு இரண்டு மணி நேரமும், நடுவில் ஒரு காபியும்.

சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர் ரோடு என்று எங்கே போனாலும் இவரைப் பார்க்கலாம். ரயில்வேயிலோ விமானப்படையிலோ இருந்து ஓய்வு பெற்றவர். மடித்துக் கட்டிய லுங்கி, கிரீஸ் படிந்த பனியன், பின்னால் போர்டிகோவில் தார்ப்பாய் போர்த்திய ஓர் உருவம். அமெரிக்கக்காரன் பழைய ஃபோர்டை வாங்கி, மட்கார்டைக் கழற்றி எறிந்து, பெரிய எஞ்சினைத் திணித்து, ஹாட் ராட் என்று பெயர் சூட்டி உப்புப் பாலைவனத்தில் விரட்டினான். நம்மவருக்கு வாய்த்தது 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். குதிரைகளில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஆனால் அது உள்ளூர்ப் பிள்ளை. 1961 முதல் ஹெரால்டு பிறந்தது பெருங்களத்தூர் – வண்டலூர் பக்கத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில். 1980-களின் கடைசியில் தொழிற்சாலை மூடிவிட்டது. இருந்தாலும் அந்த இடத்தைப் பஸ்ஸில் கடக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆமாம், பஸ்ஸில்தான் போகிறார்.

இந்தக் காரைப் படைத்தவர்கள் இவரை மனத்தில் வைத்தே படைத்திருப்பார்கள் என்று நான் சந்தேகப்படுகிறேன். முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு விளக்கு எல்லாவற்றோடும், வண்டலூர் பூங்கா முதலை வாயைப் பிளப்பது போல முன்னோக்கித் திறந்துகொள்ளும். முன் டயர் மேல் சௌகரியமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம், பேப்பர் படிக்கலாம், பட்டாணி உரிக்கலாம். இங்கிலாந்தில் 1953-இல் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட, ஸ்டாண்டர்டு – ட்ரையம்ஃப்காரர்கள் வேறு வழியில்லாமல் தனிச் சேஸிஸின் மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கிற பாடியாக ஹெரால்டை வடிவமைத்தார்கள். அவர்களுக்கு அது நெருக்கடி. நம்மவருக்கு வரப்பிரசாதம். கழற்றக் கழற்றக் கழன்றுகொண்டே இருக்கிறது.

லட்சியம் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்த காலத்தில், அங்கே வெயிலில் நின்று பார்த்தவர் அவர். “ஹெட்டை லேசா ஃபேசிங் போட்டா கம்ப்ரஷன் ஏறும், ஃபியட்டெல்லாம் பின்னாடிதான்” என்று ஆரம்பித்தார். கம்ப்ரஷன் ஏறியது. கூடவே சூடும் ஏறியது. அதற்குப் பெரிய ரேடியேட்டர். பெரிய ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேன். ஃபேன் சுற்ற டைனமோ கரண்ட் பத்தாது, ஆல்டர்நேட்டர் வேண்டும். ஆல்டர்நேட்டரை உட்கார வைக்கப் புது பிராக்கெட். பிராக்கெட் கடைசல் பிடிக்க வேண்டிய லேத்காரர் மாலை போட்டுச் சபரிமலை போயிருக்கிறார். இதற்கிடையில் பந்தயமே 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிவிட்டது. நம்மவர் வருத்தப்படவில்லை. “நல்லதாப் போச்சு, தாம்பரத்துலேர்ந்து கிட்டக்க.”

பின் சக்கரத்தில் இன்னொரு வில்லங்கம். ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸில், வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வெளிப்பக்கச் சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளும். வண்டியின் வால் சுழலும். உலகமெங்கும் ஹெரால்டு ஓட்டுகிறவர்களை அது கலங்கடித்திருக்கிறது. இவர் மட்டும் கலங்கவில்லை. அந்த வேகத்தை அவர் வண்டி எட்டியதேயில்லை. ஆனாலும் பின் கமான் பட்டையைத் தாழ்த்த வேண்டும் என்று மெக்கானிக் பாயைக் கூப்பிட்டார். பாய் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னது: “சார், முதல்ல இது நேரா போகட்டும். அப்புறம் வளைவைப் பார்க்கலாம்.”

சட்டமும் சும்மா இருக்கவில்லை. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றிய வண்டி ரோட்டுக்கு ஆகாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-இல் வந்த விதியோ, ஐம்பது வயது தாண்டிய காருக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி நம்பர் தருகிறேன், ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும் என்றது. பந்தயம் ஓட மாற்ற வேண்டும். பழம்பெருமை பேச மாற்றக் கூடாது. இந்த இக்கட்டை அவர் புத்திசாலித்தனமாகத் தீர்த்தார். கழற்றியதை வீசாமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். கழற்றுவதில் தடையில்லை என்பது அவருடைய வாதம்.

டூரிங் திட்டமும் உண்டு. வாசலிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தால் நேரே தெற்கு, கன்னியாகுமரி வரை சுற்றி வருவதாக ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம் கிளம்பினார். இரும்புலியூர் வரை ஹெரால்டு அவரைக் கொண்டுபோனது. அங்கிருந்து பெருங்களத்தூர் வரை அவரும் இரண்டு கல்லூரிப் பையன்களும் ஹெரால்டைக் கொண்டுபோனார்கள். பையன்களுக்கு டிபன் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பயணத்தை இன்றும் ‘டூர்’ என்றுதான் சொல்கிறார்.

அவர் அன்பில் குறை சொல்ல முடியாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர்ப் பக்கம் மூழ்கியபோது, மாடிக்கு முதலில் ஏறியது கியர்பாக்ஸ். அடுத்து கார்புரேட்டர், அப்புறம் சீட்டுகள். ஃப்ரிட்ஜ் தண்ணீரில் மிதப்பதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா கூச்சல் போட்டார். “அது கடையில கிடைக்கும்” என்றார் இவர். மாடிப்படியில் நின்று சொன்ன அந்த வாக்கியத்துக்கு அந்த வீட்டில் இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமையானால் பல்லாவரம் சந்தை. எந்தக் குவியலில் ஹெரால்டு கதவுப்பிடி கிடக்கும் என்று அவர் கைக்குத் தெரியும். புதுப்பேட்டை ஸ்பேர் கடைகளில் பேரம் பேசி வாங்குவதைவிட இங்கே தேடிக் கண்டெடுப்பதில்தான் அவருக்கு இன்பம். கண்டெடுத்தது ஹெரால்டினுடையது இல்லை, தையல் மிஷினுடையது என்று வீட்டில் தெரியவரும் நாட்களும் உண்டு.

போன வருஷம் ஒரு லாரி வந்து நின்றது. மேலே துருப்பிடித்த ஒரு ஸ்டாண்டர்டு கெஸல், ஹெரால்டுக்கு அடுத்து 1972-இல் அதே தொழிற்சாலையிலிருந்து வந்த தம்பி. “ஸ்பேருக்கு மட்டும்தான்” என்று சத்தியம் செய்தார். ஒரு வாரம் அதற்கு அடியில் படுத்துப் பார்த்ததில், கெஸலின் பின் ஆக்ஸில் ஒரே கட்டையாக இருப்பதும், அதனால் வளைவில் வால் சுழலும் வில்லங்கம் இல்லை என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது. பந்தயத்துக்கு ஏற்றது இதுதான் என்று முடிவு கட்டி, இப்போது ஹெரால்டைக் கழற்றிக் கெஸலுக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஏங்க, அப்ப அந்தப் பழசை எடைக்குப் போட்டுடலாமா? துணி காயப்போடவாவது இடம் கிடைக்கும்” என்று அந்த அம்மா ஆசையாகக் கேட்டார்.

டயர் மேல் உட்கார்ந்திருந்தவர் அதிர்ந்து போனார். “எப்படிம்மா போடறது? அது ஸ்பேருக்கு வேணுமே!”