குற்றாலத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்: எக்ஸ்பாக்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம்

தென்காசி,
22 நவம்பர் 2025

பெறுநர்:
எக்ஸ்பாக்ஸ் நிர்வாகம்,
மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன்,
ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: குற்றாலத்து அருவிகள் அனைத்தையும் தாங்களே விலைக்கு வாங்கி, மாதச் சந்தாவில் குளிக்கவிட வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வீடியோ கேம் ஸ்டுடியோக்களைத் தாங்கள் வாங்கிக் குவிக்கும் அழகைத் தூரத்திலிருந்து பார்த்து மெய்மறந்த தென்காசிக்காரன் ஒருவன் எழுதிக்கொள்வது. 2014-இல் மைன்கிராஃப்ட் செய்த மோஜாங்கை 250 கோடி டாலருக்கு வாங்கினீர்கள். 2018-இல் நிஞ்சா தியரி, பிளேகிரவுண்ட், அப்சிடியன் என்று வரிசையாக உள்ளே இழுத்தீர்கள். 2021 மார்ச்சில் பெதஸ்டாவின் தாய் நிறுவனமான ஸெனிமாக்ஸ், 750 கோடி டாலர். அதற்கு ஏப்பம்கூட விடாமல் 2022 ஜனவரி 18 அன்று ஆக்டிவிஷன் பிளிஸார்டுக்கு 6,870 கோடி டாலர் விலை பேசினீர்கள். அன்றைய நாணய மாற்றில் 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கால் ஆஃப் டியூட்டி, டயாப்லோ, வார்கிராஃப்ட் எல்லாம் ஒரே கையெழுத்தில் தங்கள் கைக்கு வந்தன. எங்கள் ஊர்ப் பெரியம்மாக்கள் பஸ்ஸில் உட்கார்ந்து விரலால் உடைத்துக்கொண்டிருக்கும் கேண்டி க்ரஷ் மிட்டாயும் அதில் அடக்கம். இது இன்னும் அவர்களுக்குத் தெரியாது.

இவ்வளவு வாங்கிய தங்கள் கண்ணில் குற்றாலம் படாமல் போனதுதான் எங்கள் ஆதங்கம். எங்களிடமும் ஸ்டுடியோக்கள் உண்டு. பேரருவி மூத்தவர். ஐந்தருவி ஒரே தண்ணீரை ஐந்து பதிப்பாக வெளியிடும் கெட்டிக்காரர். பழைய குற்றாலம் பெயரில்தான் பழசு. சிற்றருவி இண்டி ரகம். தேனருவிக்குப் பொதுமக்கள் போகவே அனுமதியில்லை. எக்ஸ்க்ளூசிவ் வேலை அங்கே ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிடும். ஆகவே சர்வர் பராமரிப்பு நேரத்துக்கு வாடிக்கையாளரைத் தாங்கள் புதிதாகப் பழக்க வேண்டிய அவசியமில்லை.

கைமாறுவதும் எங்களுக்குப் புதிதல்ல. திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2019 நவம்பர் 22 வரை குற்றாலம் நெல்லை மாவட்டத்தின் எக்ஸ்க்ளூசிவ். அன்றுதான் தென்காசி தனி மாவட்டமானது. இன்றோடு ஆறு வருடம். இந்த இரண்டு கைமாற்றத்திலும் அருவி தன் பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தது. நெல்லைக்காரர் குளிக்கக் கூடாது என்று யாரும் வேலி போடவில்லை. நிர்வாகத் திறமை போதாததால் அப்படி விட்டுவிட்டோம் என்று இப்போது புரிகிறது.

அந்தக் குறையைத் தாங்கள் தீர்ப்பதற்காக ‘அருவி பாஸ்’ என்ற திட்டத்தைப் பணிவோடு சமர்ப்பிக்கிறேன். எசென்ஷியல் சந்தாவுக்குச் சிற்றருவி மட்டும். பிரீமியத்துக்குப் புலியருவியும் பழைய குற்றாலமும் சேரும். பேரருவியில் இன்று விழுகிற தண்ணீர் ஓராண்டுக்குள் வந்துசேரும். அல்டிமேட்டுக்கு விழுந்த அன்றே தலையில். சரக்கு என்னுடையதல்ல, தங்களுடையதுதான். தங்கள் சொந்த கேம்கள் ‘கேம் பாஸ்’ மாதச் சந்தாவின் பிரீமியம் வாடிக்கையாளருக்கு வெளியாகி ஓராண்டுக்குள் கிடைக்கும், கால் ஆஃப் டியூட்டிக்கு அந்த உத்தரவாதமும் கிடையாது என்று 2025 அக்டோபர் 1 அன்று தாங்கள்தானே அறிவித்தீர்கள்?

நடைமுறையில் சிரமம் ஒன்றும் இராது. துண்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறவரின் செல்போனை வாசல்காரர் ஸ்கேன் செய்வார்.

“அண்ணாச்சி, ஒங்க பிளான்ல இந்தத் தண்ணி இன்னும் ஏறல.”

“அந்தா விழுதுல்லா, கண்ணு முன்னால?”

“விழுது. அது அல்டிமேட் தண்ணி. ஒங்களுக்குப் பங்குனிக்குள்ள வந்துரும்.”

“பங்குனில ஏதுவே தண்ணி? பாறைல்லா காயும்!”

“அதுக்குத்தான் மேல்பிளானுக்கு மாறுங்கன்னு சொல்லுதோம்.”

போட்டியாளர் பயம் வேண்டாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தில் பாலருவி இருக்கிறது. அதைச் சோனி என்று வைத்துக்கொள்ளுங்கள். சோனிக்கும் நிண்டெண்டோவுக்கும் என்விடியாவுக்கும் 2023-இல் கால் ஆஃப் டியூட்டியைப் பத்தாண்டுக்கு எழுதிக் கொடுத்தீர்களே, அதே பத்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கேரளத்து விருந்தாளிகளுக்கும் நீட்டிவிடலாம். பதினோராம் வருடம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்தப் பத்திரத்தில் இடமில்லை. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் முரண்டு பிடித்தபோது, உலகின் பெரும்பகுதிக்கான கிளவுட் உரிமையை யூபிசாஃப்டுக்குத் தள்ளிவிட்டு அக்டோபரில் ஒப்புதல் வாங்கிய சாமர்த்தியமும் தங்களுடையதுதான். இங்கேயும் அருவி தங்களுக்கு, சாரல் யூபிசாஃப்டுக்கு என்று பிரித்துவிட்டால் முடிந்தது.

பாலருவிக்காரர்களைப் பரம யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. இன்சோம்னியாக்கை 2019-இலும் பங்கியை 2022-இல் 360 கோடி டாலருக்கும் வாங்கியவர்கள் அவர்கள். 2024 ஆகஸ்டில் வெளியிட்ட கான்கார்டு விளையாட்டை இரண்டே வாரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டு, அதைச் செய்த ஃபயர்வாக் ஸ்டுடியோவையும் இழுத்து மூடியவர்கள். 2025 செப்டம்பரில் சவூதி அரசின் முதலீட்டு நிதியும் கூட்டாளிகளும் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்கு 5,500 கோடி டாலர் விலை பேசினார்கள். ஆகவே தாமதித்தால் குற்றாலத்துக்கு வேறு ஆள் வந்துவிடக்கூடும்.

நன்றாகக் கொட்டுகிற அருவியை மூடுவதில் தங்களுக்குள்ள தேர்ச்சியும் எங்களுக்குத் தெரியும். டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் 2023 ஜனவரியில் ஹை-ஃபை ரஷ் என்ற விளையாட்டைச் செய்தது. முன்னறிவிப்பே இல்லாமல் வந்து பாராட்டையும் விருதையும் அள்ளியது அது. 2024 மே 7 அன்று அந்த ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தீர்கள். மறுநாள் தங்கள் மேலதிகாரி ஊழியர் கூட்டத்தில், பெயரும் விருதும் வாங்கித் தரும் சின்ன விளையாட்டுகள் நமக்குத் தேவை என்று பேசியதாகச் செய்தி வந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் பேருந்து நிலையத்தில் குனிந்த தலை நிமிராமல் ஆடுகிறார்களே பிஜிஎம்ஐ, அதன் கம்பெனியான கிராஃப்டன்தான் டாங்கோவைப் பிறகு கைதூக்கிவிட்டது. ஆக்டிவிஷனை வாங்கி மூன்று மாதம் தாண்டியதும் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள். 2025 ஜூலையில் கம்பெனி முழுவதுமாக 9,000 பேர் வரை. பெர்ஃபெக்ட் டார்க்கும் எவர்வைல்டும் வெளிவராமலே ரத்து. அருவிக்கு நோட்டீஸ் கொடுப்பது எப்படி என்பதை மட்டும் தங்கள் மனிதவளத் துறை விளக்க வேண்டும்.

இனி எக்ஸ்க்ளூசிவ் விஷயம். ஸெனிமாக்ஸ் கைக்கு வந்ததும் வேலி போட்டீர்கள். 2023-இல் வந்த ரெட்ஃபாலும் ஸ்டார்ஃபீல்டும் எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் மட்டும். பிளேஸ்டேஷன்காரர் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார். அதை நம்பித்தான் இந்தியாவில் ஒரு கூட்டம் சீரிஸ் எக்ஸ் பெட்டியை வாங்கியது. 2020 நவம்பரில் வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். ஆக்டிவிஷனையும் வாங்கினால் எல்லா விளையாட்டையும் பெட்டிக்குள் பூட்டிவிடுவீர்கள் என்று உலகம் பயந்தது. அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் வழக்கே போட்டது.

நடந்ததோ தலைகீழ். 2024-இல் சீ ஆஃப் தீவ்ஸும் ஹை-ஃபை ரஷ்ஷும் பிளேஸ்டேஷனுக்குப் போயின. 2025-இல் இண்டியானா ஜோன்ஸ், ஃபோர்ஸா ஹொரைசன் 5, கியர்ஸ் ஆஃப் வார் எல்லாம் பின்னாலேயே போயின. எக்ஸ்பாக்ஸின் குலதெய்வம் மாதிரி இருந்த ஹேலோவும் 2026-இல் போகிறது என்று 2025 அக்டோபரில் அறிவித்துவிட்டீர்கள். காரணம் தங்கள் பெருந்தன்மை என்று நாங்கள் நம்பத் தயார். ஆனால் கணக்குப் பிள்ளை வேறு மாதிரி சொல்கிறார். 5 லட்சம் கோடி ரூபாய் போட்டு வாங்கிய சரக்கை ஒரு பெட்டிக்காரர்களிடம் மட்டும் விற்று முதலை எடுக்க முடியாது. பெட்டி விற்பனையும் சரிகிறது. ஆகவே ஊரெல்லாம் கடை போட்டுத்தான் ஆக வேண்டும். வேலி போடுவதற்காக வாங்கியதே, வாங்கிய விலையின் பாரத்தில் வேலியைச் சாய்த்துவிட்டது.

தன் விருப்பப்படி விட்டால் எக்ஸ்க்ளூசிவ் என்பதையே ஒழித்துவிடுவேன் என்று தங்கள் தலைவர் சத்யா நாதெல்லா 2023 ஜூனில் சாட்சிக் கூண்டில் சொன்னார். பாதிக்கு மேல் நிறைவேற்றியும் விட்டார். 49,990 கொடுத்தவரிடம் அதை முன்கூட்டிச் சொல்லத்தான் ஆளில்லை. அதற்குப் பரிகாரமாக 2024 நவம்பரில் ‘இது ஓர் எக்ஸ்பாக்ஸ்’ என்று விளம்பரம் கொடுத்தீர்கள். போனும் எக்ஸ்பாக்ஸ், டிவியும் எக்ஸ்பாக்ஸ், லேப்டாப்பும் எக்ஸ்பாக்ஸ். டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் இனி என்ன பெயரால் அழைப்பது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

முதல் வேறு எங்கிருந்து திரும்புகிறது என்பதைச் சந்தா ரசீதில் பார்த்தோம். கேம் பாஸ் அல்டிமேட் இந்தியாவில் மாதம் 549 ரூபாயாக இருந்தது. 2024-இல் கால் ஆஃப் டியூட்டி முதல் நாளே கேம் பாஸுக்கு வரும் கையோடு 829 ஆனது. 2025 அக்டோபரில் 1,389. ஒன்றரை வருடத்துக்குள் இரண்டரை மடங்கு. இந்த அக்டோபர் ஏற்றம் அமெரிக்காவில் 50 சதவீதம், இந்தியாவில் ஏறக்குறைய 68. அந்த விலையில் வருடத்துக்கு 16,668 ரூபாய். அந்தக் காசுக்குப் புது விளையாட்டு மூன்றாவது சொந்தமாகவே வாங்கிவிடலாம். யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். கேம் பாஸிலோ ‘விரைவில் வெளியேறுபவை’ என்று ஒரு வரிசை இருக்கிறது. பாதி ஆட்டத்தில் இருக்கும் விளையாட்டு ஒருநாள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். போவதற்குள் தள்ளுபடியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற சிபாரிசும் கூடவே வரும். ஆக்டிவிஷன் இணைப்பால் வாடிக்கையாளருக்கு லாபம் என்று நீதிமன்றத்தில் சொன்னவர்கள் இப்போது விலையை ஏற்றுகிறார்கள் என்று வர்த்தக ஆணையம் 2024 ஜூலையிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. கடிதத்தோடு சரி.

நல்லதையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்ற விளையாட்டு வெளியானது. டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழம்மா இட்லி அவிப்பதும் பிரியாணி செய்வதுமாகக் கதை ஓடுகிறது. வெளியான அன்றே அது கேம் பாஸில் இருந்தது. தமிழைக் கேள்விப்பட்டே இராதவர்கள்கூடக் காசு யோசிக்காமல் தொட்டுப் பார்த்தார்கள். மறுவருடம் பாஃப்டா விருதும் கிடைத்தது. சந்தா என்பதே மோசம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெண்பாவைக் கொண்டுவரத் தாங்கள் யாரையும் விலைக்கு வாங்கவில்லை. பேசி, காசு கொடுத்து, அடுக்கில் வைத்தீர்கள். அது பிளேஸ்டேஷனிலும் நிண்டெண்டோவிலும் அதே நாளில் கிடைத்தது. ஒருவர் குடியும் கெடவில்லை.

குற்றாலத்தை வாங்குவதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எக்ஸ்க்ளூசிவ் அருவி என்ற யோசனை இங்கே தங்களுக்கு முன்பே சிலருக்கு வந்துவிட்டது. மலையிலிருந்து வரும் நீரோட்டத்தைத் திருப்பி, தங்கள் விருந்தினருக்கு மட்டும் தனியார் விடுதிகள் வளாகத்துக்குள் செயற்கை அருவி அமைப்பதாக 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வழக்குப் போனது. நீதிமன்றம் குழு போட்டு ஆய்வு செய்யச் சொன்னது, நடவடிக்கைக்கும் உத்தரவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் தாங்கள் ஆக்டிவிஷனுக்காக வென்ற வாதம் மதுரையில் எடுபடுமா என்பது சந்தேகமே. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இங்கே முதல் கேள்வியிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

அதனால் வாங்குவதென்றால் மூன்று நிபந்தனைகள். ஒன்று, எந்த அருவி யாருக்கு, எத்தனை வருடத்துக்கு என்பதைப் பெட்டி விற்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு, வாங்கிய கடனைக் குளிக்கிறவர் தலையில் ஊற்றக் கூடாது. மூன்று, நடத்த முடியாத ஸ்டுடியோவை மூடாமல் அதைச் செய்தவர்கள் கையிலேயே விட்டுவிட வேண்டும். டாய்ஸ் ஃபார் பாப் ஸ்டுடியோ 2024-இல் தங்களிடமிருந்து பிரிந்து தனியாகப் போனதே, அதுபோல.

சம்மதமென்றால் ஏதாவது ஒரு திங்கள்கிழமை தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு வாருங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளவும். வரிசை காலையிலேயே நீண்டுவிடும். அங்கே எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் கிடையாது. முன்னால் நிற்கிறவருக்கு முதல் டோக்கன்.

இப்படிக்கு,
தங்கள் சந்தாவில் இன்னும் சேராத
தென்காசிக்காரன்