கிளாப் அடிக்கவா படித்தேன்?

கேள்வி: கோடை விடுமுறைக்குச் சென்னையில் ஒரு சினிமா கம்பெனியில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. கிளாப் அடிக்கும் வேலைதானாம். இதற்கா விஸ்காம் படித்தேன்?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: இதற்கேதான்! உடனே ரயிலேறுங்கள். படமும் ஒலியும் தனித்தனிக் கருவிகளில் பதிவாகின்றன. எடிட்டிங் அறையில் இரண்டுக்கும் முடிச்சுப் போடும் தாலிதான் அந்த 'டப்' சத்தம்.

கன்டினியூட்டி நோட்டு கைக்கு வந்தால் விடவே விடாதீர்கள். கிளைமாக்ஸை முதலில் எடுத்துவிட்டு, அறிமுகக் காட்சியைக் கடைசியில் எடுப்பது சினிமாவில் சகஜம். நீலச் சட்டையில் வாசலுக்குள் நுழைந்த கதாநாயகன், கூடத்தில் வெள்ளைச் சட்டையில் உட்காராமல் காப்பாற்றுவது அந்த நோட்டு. எந்தக் கையில் டம்ளர், எந்த வசனத்தில் எழுந்தார் என்று எழுத எழுத, ஒரு காட்சி துண்டு துண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றுசேரும் விதம் புரியும். அதை எந்த வகுப்பறையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித்தராது. இயக்குநர் பாரதிராஜாவிடம் பாக்யராஜும், பாக்யராஜிடம் பார்த்திபனும் பாண்டியராஜனும் இப்படி உதவியாளர்களாக இருந்து இயக்குநர்களாக வந்தவர்களே.

இன்டர்ன்ஷிப் தரப் பணம் கேட்டால் மட்டும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களையும் பாதுகாக்கிறது. அந்தச் சட்டப்படியான புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று முதல் நாளே கேளுங்கள், கூச்சமே வேண்டாம்.