ஆலயம் கசக்கிறது, ஆண்டவர் கசக்கவில்லை! (கேள்வி-பதில்)

தாமான் உனிவர்சிட்டி வாசகர்: சபை வெறுத்துவிட்டது. இயேசுவை விட மனம் வரவில்லை. நான் எந்த ரகம் ஐயா?

பழைய ரகம், நல்ல ரகம். சாது சுந்தர் சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1905இல் சிம்லாவில் ஞானஸ்நானம், பிறகு லாகூரில் இறையியல் படிப்பு. எங்கள் எல்லைக்குள் மட்டும்தான் பிரசங்கிக்கலாம் என்று சபையிடமிருந்து கட்டுப்பாடு வந்தது. பிரசங்க உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். 1929இல் திபெத்துக்குக் கிளம்பியவர் திரும்பவே இல்லை. உரிமம்தான் போனது, ஜெபம் போகவில்லை.

கங்கார் பூலாய் வாசகி: சபையை விட்டுப் போனால் சாபம் பிடிக்கும் என்கிறார் எங்கள் போதகர்.

சாபம் போடும் வேலை எந்தப் போதகரின் நியமனக் கடிதத்திலும் இல்லை, அம்மா. காணாமல் போன ஆட்டை நல்ல மேய்ப்பன் தேடிப் போவான். பட்டிக்குப் பூட்டுப் போடுகிறவனுக்கு வேறு பெயர்.

தாமான் உங்கு துன் அமினா வாசகர்: தசமபாகம் எங்கே போகிறது என்று கேட்டேன். விசுவாசக் குறைவு என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

உபாகமம் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து மூப்பர் முன்னால் வையுங்கள். மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தில் லேவியனோடு அந்நியனுக்கும் அநாதைக்கும் விதவைக்கும் பங்கு உண்டு. அந்த மூன்றாம் வருஷம் நம் சபைக்கு எப்போது வந்தது என்று பணிவாகக் கேளுங்கள்.

இன்னொன்று. சங்கப் பதிவிலாகாவில் பதிந்த சபையென்றால், நம் மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஆண்டுதோறும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அரசுக்குக் காட்டும் கணக்கை ஆட்டுக்குக் காட்ட என்ன கூச்சம்?

முத்தியாரா ரினி வாசகர்: தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை. அங்கே பெரிய பெரிய சபைகள், கண்ணைப் பறிக்கும் மேடை. சேர்ந்துவிடட்டுமா?

மேடையின் அகலத்தை வைத்து மேய்ப்பனை அளக்காதீர்கள். சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கில் 2015இல் அதன் போதகர் கோங் ஹீயும் இன்னும் 5 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. விவகாரத்தில் சிக்கிய சபைப் பணம் 5 கோடி சிங்கப்பூர் வெள்ளி. சுமார் 2.4 கோடி போலிப் பத்திரங்கள் வழியாகப் போதகரின் மனைவியுடைய பாப் இசைப் பயணத்துக்குப் போனது. மீதி அதை மூடி மறைக்கப் போனது. கோங் ஹீக்கு விதித்த 8 ஆண்டுச் சிறை, 2017இல் மூன்றரை ஆண்டாகக் குறைந்தது. அந்த ஆறு பேரில் ஒருவர் 2018இல் பூலாவ் உபின் பக்கம் படகேறி நம் நாட்டுக்குத் தப்பப் பார்த்துப் பிடிபட்டார்!

ஆனால் ஒன்று சொல்வேன். காணிக்கைப் பையில் காசு போட்டவர்கள் உண்மையாகத்தான் போட்டார்கள். களவு போனது காசு. அவர்களுடைய பக்தியை எந்த நீதிமன்றமும் செல்லாது என்று சொல்லவில்லை.

கேலாங் பாத்தா வாசகி: ஆதித் திருச்சபையில் சண்டையே இருந்ததில்லையாமே?

யார் சொன்னது? மாற்கு என்ற இளைஞனைக் கூட்டிப் போவதா, வேண்டாமா என்று பவுலும் பர்னபாவும் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் சைப்ரஸ் பக்கம், ஒருவர் சீரியா பக்கம். கொரிந்துவில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடு இருந்தான், ஒருவன் குடிவெறியில் இருந்தான். பிற்பாடு அதே மாற்குவை அழைத்து வா, அவன் எனக்குப் பயன்படுவான் என்று எழுதியவரும் பவுல்தான். கவனியுங்கள், கூப்பிட்டது தள்ளிவிட்டவர்!

தாமான் ஸ்கூடாய் பாரு வாசகர்: கல்யாணப் பேச்சு வந்ததும் எங்கள் சபையில் சாதி எட்டிப் பார்க்கிறது. இது கப்பலேறி வந்த சரக்கா?

ஆமாம், சுங்கத்தில் பிடிபடாமல் வந்த சரக்கு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலுக்கு இரண்டு கை. ஒரு கையில் ஒரு சாதி, மறு கையில் இன்னொரு சாதி, நடுவே தடுப்பு, பீடம் மட்டும் பொது. 1910இல் பாதிரியார்கள் தடுப்பை இடித்தார்கள். மேல்சாதிக்காரர்கள் சும்மா இருந்தார்களா? தடுப்பு எங்கள் உரிமை என்று மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பி வைத்திருந்தார்கள். உயிர்த்தெழும் நாளில் எந்தப் பக்கத்துக்கு முதலில் எக்காளம் ஊதுவது என்று தேவதூதனே திணறிப்போவான்.

பாமாவின் 'கருக்கு' (1992) படித்திருக்கிறீர்களா? கன்னியர் மடத்தில் சில ஆண்டுகள் இருந்து வெளியேறியவர். ஏழைகள் பக்கம் நின்ற இயேசுவை மடத்துக்குள் காணோமே என்பதுதான் அவருடைய வேதனை. அந்தப் புத்தகத்தை உங்கள் சபை நூலகத்துக்கு வாங்கிக் கொடுங்கள். யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பாருங்கள், நோய் எங்கே என்று தெரிந்துவிடும்.

பூலாய் வாசகர்: பேசாமல் நாமே ஒரு சபை ஆரம்பித்துவிட்டால்?

ஆரம்பித்த தமிழர் உண்டு. அருமைநாயகம் சட்டம்பிள்ளை. மிஷனரிகளின் அதிகாரம் பொறுக்காமல், நாடார்களை இழிவாக எழுதிய கால்டுவெல்லின் 1849ஆம் ஆண்டுப் புத்தகத்தையும் பொறுக்காமல், 1857இல் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். கிறிஸ்துவை மாற்றவில்லை.

உங்களிடம் சட்டம்பிள்ளையின் படிப்பும் துணிச்சலும் இருந்தால் இறங்குங்கள். கோபம் மட்டும்தான் கையிருப்பு என்றால், கடைவீட்டு மாடிக்கு வாடகை கட்டும் மூன்றாம் மாதம் உங்கள் மேலேயே ஒருவர் கோபித்துக்கொண்டு கீழ்மாடியில் சபை திறப்பார்.

செனாய் வாசகி: சபை மேல் கோபப்படுகிறவர்கள் எல்லாரும் நியாயஸ்தர்களா?

இல்லவே இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) பெரிய புலவர். நம் கீர்த்தனைகளைப் புது மிஷனரிகள் ஒதுக்கியபோது வெகுண்டார், அது நியாயம். சாதியாரைக் கலந்து உட்கார வைத்ததற்கும் வெகுண்டார், அது அநியாயம். ஒரே மனிதர், இரண்டு கோபம். உங்கள் கோபத்தையும் பிரித்துப் பாருங்கள்.

மாணவர், ஸ்கூடாய் பல்கலைக்கழக வளாகம்: ஊரிலிருந்து அம்மா ஞாயிறு தவறாமல் 'ஆராதனைக்குப் போனியா?' என்கிறார். போனேன் என்று பொய் சொல்கிறேன்.

பொய் வேண்டாம் தம்பி. 'போகலம்மா, ஆனா ஜெபம் பண்ணேன்' என்று சொல்லிப் பார். அம்மா அழலாம், கோபிக்கலாம். அன்று இரவு உன் பெயர் சொல்லி முழங்கால் போடுவார். நீ தேடுகிற சபையில் அவர்தான் முதல் அங்கத்தினர். அறையில் இன்னொரு பையனையும் சேர்த்துக்கொள், கோரம் ஆகிவிடும்.

பெயர் வேண்டாம், ஸ்கூடாய்: சபையில் ஒரு பெரியவர் சிறுமியிடம் தப்பாக நடந்துகொண்டார். 'சபைக்கு அவப்பெயர், மன்னித்துவிடு' என்று வாயை அடைக்கிறார்கள்.

இதற்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல மாட்டேன். மன்னிப்பு அந்தப் பிள்ளையின் உரிமை, மூப்பர் கூட்டத்தின் தீர்மானம் அல்ல. 2017ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். போதகரின் அனுமதிக்குக் காத்திருக்காதீர்கள். நேராகப் போலீஸ் நிலையம் போங்கள். துணைக்கு ஆளில்லை என்றால் 24 மணி நேரமும் எடுக்கும் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999. இன்றைக்கே கூப்பிடுங்கள்.